காதில் விழும் இந்தோனேசிய மொழி: பயணம் போகிறவர்களுக்கு

இந்தோனேசியா போகிறேன், ரெண்டு வார்த்தை சொல்லிக்கொடு என்று யாராவது கேட்டால் நான் கேள்விகளில் இருந்து ஆரம்பிப்பதில்லை. பயணக் கையேடுகள் எல்லாம் ரயில் நிலையம் எங்கே, இதன் விலை என்ன என்று கேட்கத்தான் சொல்லித்தருகின்றன, அதை மனப்பாடம் செய்து நாமும் அழகாகக் கேட்டுவிடுவோம், எதிரில் இருப்பவர் சிரித்த முகத்தோடு மளமளவென்று ஒரு பதில் சொல்வார், அங்கேதான் விழிப்போம். அதனால் என் வழி வேறு. அந்த நாட்டில் நம் காதில் அடிக்கடி விழப்போகும் சொற்கள் ஒரு ஐம்பது அறுபது இருக்கும், அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சு பின்னால் வந்துவிடும்.

இந்த மொழி அதற்கு ரொம்ப ஒத்துழைக்கும். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது, ஆண்பால் பெண்பால் கிடையாது, பன்மை வேண்டுமென்றால் சொல்லை இரண்டு முறை சொன்னால் பல நேரம் போதும். எழுதுவது ரோமன் எழுத்தில், எழுதியபடியே படிக்கலாம். இன்னொன்று, அங்கே பெரும்பாலானவர்களுக்கு இது வீட்டு மொழி கிடையாது. வீட்டில் ஜாவானியம், சுண்டானியம், பாலி மொழி, மினாங்கபாவ் என்று 700க்கும் மேற்பட்ட மொழிகளில் ஏதோ ஒன்று பேசுவார்கள். மலாயை அடிப்படையாகக் கொண்ட இந்த மொழியை 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் எல்லோரையும் இணைக்கும் மொழி என்று உறுதி எடுத்து ஏற்றுக்கொண்டார்கள், 1945 அரசியல் சட்டம் அதையே நாட்டு மொழி ஆக்கியது. அதனால் ஊரே பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கற்றுக்கொண்ட மொழி இது. நீங்கள் தப்பும் தவறுமாகப் பேசினால் யாரும் முகம் சுளிப்பதை நான் பார்த்ததில்லை, பாதி சொன்னதுமே மீதியை எடுத்துக்கொடுப்பார்கள்.

தமிழ் எழுத்தில் இதை எழுதுவதில் ஒரே ஒரு சிக்கல், அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சொல்லின் நடுவில் ஒற்றை எழுத்து வந்தால் மெலிதாகவும், இரட்டித்து வந்தால் அழுத்தியும் படியுங்கள், நம் தமிழ்ப் பழக்கம்தான். ட என்று ஆரம்பித்தால் டாக்டரில் வரும் ட. பகரத்தில் ஆரம்பிக்கும் சொற்கள்தான் தொல்லை: பிஸா, போலேஹ், பெலும், புக்கான், பெராப்பா, பெலாஸ், பூங்க்குஸ், பேஸோக், பாங், ப்லி, பாராத், பெராங்க்காத், பாக்ஸோ, பூடாக் இவை எல்லாம் பஸ்ஸில் வரும் ப. மற்றதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். ஸெலாமாத், தெரீமா போன்ற சொற்களில் வரும் எகரத்தை முழுசாக உச்சரிக்க வேண்டாம், பாதி விழுங்கிவிடுங்கள், ஸ்லாமாத் என்பது போலத்தான் காதில் விழும்.

சரி, முதலில் "இல்லை". இந்தோனேசியர்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லத் தயங்குவார்கள், ஆகவே இல்லை என்பதற்கு அங்கே பல சாயல்கள் உண்டு, அதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. "தீடாக்" என்றால் இல்லை, "புக்கான்" என்றால் அல்ல. இங்கிலீஷ்காரர்கள் பல மாதம் தடுமாறும் இந்த வேறுபாடு நமக்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பேச்சில் தீடாக் யாரும் அதிகம் சொல்வதில்லை, "எங்காக்" என்றுதான் வரும், அதிலும் முதல் எழுத்து பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "ஜாங்ஙான்" என்றால் வேண்டாம், செய்யாதே. "தீடாக் ஆடா" என்றால் இருப்பு இல்லை, "ஹாபிஸ்" என்றால் தீர்ந்துபோச்சு. மதியம் 2 மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் சொல் இந்த ஹாபிஸ்தான். அப்புறம் "குராங்". குறைவு என்று பொருள், ஆனால் பேச்சில் அது மென்மையான மறுப்பு. வழி கேட்கிறீர்கள், அவர் "குராங் தாவ்" என்றால் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான், அங்கே நின்று மேற்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஜோடி "ஸூடாஹ்", "பெலும்". ஸூடாஹ் என்றால் ஆச்சு, பெலும் என்றால் இன்னும் இல்லை. ஒரு காரியம் நடந்ததா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வராது, ஆச்சு அல்லது இன்னும் இல்லை என்றுதான் வரும். "ஸூடாஹ் மாக்கான்?" என்று கேட்டால் சாப்பிட்டாச்சா. நம்மைப் போலவே நலம் விசாரிக்கும் கேள்விதான் அது, சாப்பாடு போடப்போகிறார்கள் என்று அர்த்தமில்லை. சாப்பிட்டிருந்தால் "ஸூடாஹ்", இல்லாவிட்டால் "பெலும்", இரண்டில் எது சொன்னாலும் பேச்சு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

அடுத்த கேள்வி கண்டிப்பாக வரும், அதற்குத் தயாராக இருங்கள். "டாரி மானா?" எங்கிருந்து வருகிறீர்கள். "மாவ் கெ மானா?" எங்கே போறீங்க. "ஸெண்டிரி?" தனியாகவா. "ஸூடாஹ் மெனிக்காஹ்?" கல்யாணம் ஆச்சா. "ஆனாக் பெராப்பா?" எத்தனை குழந்தைகள். வேவு பார்க்கிறார்களோ என்று மேற்கத்தியப் பயணிகள் மிரளும் கேள்விகள் இவை. நமக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. எங்கே போறீங்க என்பதற்கு முகவரி சொல்ல வேண்டியதில்லை, "ஜாலான்-ஜாலான்" என்றால் போதும், சும்மா உலாத்தப் போகிறேன் என்று பொருள். கல்யாணம் ஆகாதவர்கள் "பெலும்" என்று சொல்லுங்கள், தீடாக் என்று வெடுக்கென்று சொல்வதைவிட அது மரியாதையாக இருக்கும், கல்யாணமே செய்துகொள்வதாக இல்லை என்றாலும் பெலும்தான். கணவர் "ஸுவாமி", மனைவி "இஸ்த்ரி". கோயிலில் நிற்கும்போது ஒருவர் ஸுவாமி எங்கே என்று உங்களைக் கேட்டால் அவர் மூலவரைக் கேட்கவில்லை, உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறார்.

இப்போது முறை வைத்துக் கூப்பிடுவது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதவு திறந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். கையேடுகளில் "ஆண்டா" என்றால் நீங்கள் என்று இருக்கும். இலக்கணப்படி சரிதான், ஆனால் விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் வரும் நீங்கள் அது, நேரில் ஒருவரிடம் சொன்னால் விறைப்பாக இருக்கும். "காமு" என்பது நீ, தெரியாதவரிடம் கூடாது. அப்படியானால் எப்படித்தான் கூப்பிடுவது? முறை வைத்துத்தான். வயதில் மூத்த ஆணுக்கு "பாக்", பெண்ணுக்கு "பு", இதில் ஆணுக்கு வரும் ப அழுத்தம், பெண்ணுக்கு வருவது பஸ்ஸின் ப. ஜாவாவில் இளைஞர் என்றால் "மாஸ்", இளம்பெண் என்றால் "ம்பாக்". பாலியில் ஆண்களுக்கு "ப்லி", பெண்களுக்கு "ம்போக்". வடக்குச் சுமத்ராவின் மேடானிலும் ஜகார்த்தாவிலும் "பாங்", அண்ணன். மேற்குச் சுமத்ராவின் பாடாங் பக்கம் ஆண்களுக்கு "ஊடா", பெண்களுக்கு "ஊனி". மேற்கு ஜாவாவில் பெண்களுக்கு "தேத்தேஹ்". எதுவும் ஞாபகம் வராவிட்டால் "காக்" என்று சொல்லிவிடுங்கள், அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொது, கடைகளில் உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாக்கியத்தில் நீங்கள் என்று வர வேண்டிய இடத்திலும் இதையே போடலாம், "பாக் மாவ் கெ மானா?" என்றால் ஐயா எங்கே போறீங்க என்று ஆகிவிடும்.

இன்னொரு வரப்பிரசாதம், நாம் நாங்கள் வேறுபாடு. கேட்பவரையும் சேர்த்தால் "கித்தா", சேர்க்காவிட்டால் "காமி". ஜகார்த்தாப் பேச்சில் இரண்டையும் கலந்துவிடுவார்கள் என்றாலும் நீங்கள் சரியாகச் சொன்னால் நன்றாக இருக்கும். டிரைவரிடம் "காமி டாரி இந்தியா" என்றால் நாங்கள் இந்தியாவில் இருந்து வருகிறோம். அவர் "கித்தா மாக்கான் டூலு, யா?" என்றால் அவரும் சேர்ந்து, முதலில் சாப்பிட்டுவிடுவோமா என்கிறார்.

வணக்கம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது எல்லா இடத்திலும் கிடைக்கும். காலையில் "ஸெலாமாத் பாகி" (இது அழுத்தமான ப), உச்சி வெயிலில் "ஸெலாமாத் ஸியாங்", 3 மணிக்கு மேல் "ஸெலாமாத் ஸோரே", இருட்டிய பிறகு "ஸெலாமாத் மாலாம்". நன்றிக்கு "தெரீமா காஸிஹ்", பதிலுக்கு "ஸாமா-ஸாமா". மன்னிப்புக்கு "மாஆஃப்". பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் கடந்து போக வேண்டியிருந்தால் லேசாகக் குனிந்து "பெர்மிஸி" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இதை அவர்கள் உண்மையாகவே கவனிப்பார்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். தயவுசெய்து என்பதற்கு இரண்டு சொற்கள்: எனக்காக ஒன்று செய்யுங்கள் என்றால் "தோலோங்", நீங்கள் தாராளமாகச் செய்யுங்கள் என்றால் "ஸிலாக்கான்". ஒரு பொருள் வேண்டுமென்றால் "மின்த்தா". உள்ளூர் மொழியில் ஒரு நன்றி தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள், யோக்யகார்த்தாவில் "மாத்துர் நுவுன்", பாலியில் "ஸுக்ஸ்மா".

எண்களுக்கு வருவோம். நேரம் ஒதுக்கி உட்கார்ந்து படிக்க வேண்டியது இது ஒன்றுதான். ஸாத்து, டுவா, தீகா, எம்ப்பாத், லீமா, எனாம், தூஜுஹ், டெலாப்பான், ஸெம்பிலான், ஸெப்புலுஹ். பதினொன்று "ஸெபெலாஸ்", அதற்கு மேல் "பெலாஸ்" சேர்க்கணும், பத்துகளுக்கு "புலுஹ்", நூறுக்கு "ராத்துஸ்", ஆயிரத்துக்கு "ரீபு", பத்து லட்சத்துக்கு "ஜூத்தா". அங்கே புழங்கும் நோட்டுகள் 1,000 ரூப்பியாவில் தொடங்கி 1,00,000 வரை, அதனால் ரீபு இல்லாமல் ஒரு பேரமும் நடக்காது. ஆனால் விசேஷம் என்னவென்றால் பேச்சில் அந்த ரீபுவை விட்டுவிடுவார்கள். "லீமா பெலாஸ்" என்று கடைக்காரர் சொன்னால் பதினைந்து ரூப்பியா இல்லை, 15,000. "லீமா புலுஹ்" என்றால் 50,000. சந்தைச் சத்தத்தில் பெலாஸ், புலுஹ் இரண்டும் ஒன்று போலக் கேட்கும், சந்தேகம் வந்தால் போனில் கால்குலேட்டரை நீட்டுங்கள், அவர்களே தட்டிக் காட்டுவார்கள், அது அங்கே சாதாரணம். விலைப்பட்டியலில் ஆயிரத்தைப் பிரிக்க நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் முற்றுப்புள்ளி போடுவார்கள், 15.000 என்றால் பதினைந்தாயிரம். காபிக் கடைகளில் 25க்குப் பக்கத்தில் கே என்ற இங்கிலீஷ் எழுத்து மட்டும் இருக்கும், அதுவும் இருபத்தைந்தாயிரம்தான். ஜகார்த்தா பேச்சு வழக்கில் 5,000க்கு "கோசெங்", 10,000க்கு "செபான்" என்று ஹொக்கியன் சீனத்தில் இருந்து வந்த எண்களும் உண்டு, நீங்கள் சொல்ல வேண்டாம், கேட்டால் விழிக்காமல் இருந்தால் போதும்.

விலை கேட்க "பெராப்பா?" ஒரு சொல்லே போதும். "மாஹால்" என்றால் விலை அதிகம். குறைக்க முடியுமா என்பதற்கு "போலேஹ் குராங்?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். "ஹார்கா பாஸ்" என்று பதில் வந்தால் ஒரே விலை, பேரம் கிடையாது, விட்டுவிடுங்கள். வாங்குகிற எண்ணமில்லாமல் நுழைந்தால் "லிஹாத்-லிஹாத் டூலு", சும்மா பார்க்கிறேன். கடற்கரையில் விடாமல் பின்னால் வருகிறவர்களிடம் கையை லேசாக அசைத்து "தெரீமா காஸிஹ்" என்றால் வேண்டாம் நன்றி என்றே எடுத்துக்கொள்வார்கள். பணம் கொடுக்கும்போது "ஆடா ஊவாங் கெச்சில்?" என்று கேட்பார்கள், சில்லறை நோட்டு இருக்கா. மீதிப்பணம் "கெம்பாலியான்". பெட்டிக்கடையிலும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியிலும் 1,00,000 நோட்டை நீட்டினால் கெம்பாலியான் தீடாக் ஆடா என்றுதான் வரும், காலையிலேயே பெரிய கடையில் நோட்டை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் சொல்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பஸ்ஸையோ படகையோ தவறவிடச் செய்துவிடும், அதனால் நிதானமாகப் படியுங்கள். "ஸெத்தெங்ஙாஹ்" என்றால் பாதி, "தீகா" என்றால் மூன்று. ஸெத்தெங்ஙாஹ் தீகா என்றால் மூன்றரை என்று தமிழ்க் காது உடனே முடிவு கட்டும். அது இரண்டரை! மூன்றை நோக்கிப் பாதி வந்திருக்கிறது என்று அவர்கள் கணக்கு. அதேபோல "ஜாம் டுவா" என்றால் 2 மணி, "டுவா ஜாம்" என்றால் 2 மணி நேரம். பஸ் எப்போது என்று கேட்டு டுவா ஜாம் லாகி என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஜாவாவும் பாலியும் வெவ்வேறு நேர மண்டலம் என்பதையும் மறக்க வேண்டாம், ஜாவாவின் கெத்தாப்பாங்கில் படகு ஏறி பாலியின் கிலிமானுக்கில் இறங்கினால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும், கடல் கடக்க ஆகும் நேரத்துக்கு மேல் அது தனி. "பேஸோக்" நாளை, "லூஸா" நாளை மறுநாள், "கெமாரின்" நேற்று, ஆனால் கொஞ்ச நாள் முன்பு என்பதற்கும் கெமாரின்தான். "ஸெபென்த்தார்" என்றால் ஒரு நிமிஷம், "நான்த்தி" என்றால் அப்புறம். ஸெபென்த்தார் என்று சொன்னவருக்காகக் காத்திருங்கள். நான்த்தி என்று சொன்னவரிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: "ஜாம் பெராப்பா?"

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் நிறையப் பேருக்கு இதில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, அங்கே பேச்சில் சின்ன விடுதல் இருந்தாலும் தட்டில் வேறு ஏதோ வந்துவிடும். "டாகிங்" என்றால் இறைச்சி என்று அகராதி சொல்லும். ஆனால் சாப்பாட்டுக் கடையில் டாகிங் என்றால் மாட்டிறைச்சி என்றே பலர் நினைப்பார்கள். தீடாக் மாக்கான் டாகிங் என்று மட்டும் சொன்னால் கோழியோடு வந்து நிற்பார்கள், அவர்கள் மேல் குற்றமே கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "தான்ப்பா டாகிங், தான்ப்பா ஆயாம், தான்ப்பா ஈக்கான், தான்ப்பா ஊடாங்", இறைச்சி, கோழி, மீன், இறால் எதுவும் இல்லாமல். முட்டையும் வேண்டாமென்றால் "தான்ப்பா தெலூர்". இதெல்லாம் சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது, "தெராஸி". புளிக்கவைத்த இறால் விழுது அது, சம்பால் எனும் மிளகாய்த் துவையலிலும் ஸாயூர் ஆஸெம் போன்ற காய்கறிக் குழம்பிலும் சுவைக்காகச் சேர்ப்பார்கள், சமைப்பவருக்கு அது அசைவமாகவே தோன்றாது. ஆகவே "தான்ப்பா தெராஸி" கட்டாயம். காடோ-காடோ வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறி, நல்ல தேர்வு, ஆனால் மேலே அவித்த முட்டையும் "கெருப்புக்" அப்பளமும் வரும், அந்த அப்பளம் பல நேரம் இறால் சேர்த்தது. தெம்பே எனும் புளிக்கவைத்த சோயா வில்லையும் தாஹு எனும் டோஃபுவும் எங்கும் கிடைக்கும், புரதத்துக்குக் கவலையே இல்லை.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் "ஸாயா தீடாக் மாக்கான் ஸாப்பி" என்று சொல்லுங்கள், நான் மாடு சாப்பிடுவதில்லை. ரெண்டாங் கறியும் ராவோன் எனும் கறுப்புச் சூப்பும் பெரும்பாலும் மாடு, தெருவுக்குத் தெரு இருக்கும் பாக்ஸோ இறைச்சி உருண்டையும் அப்படித்தான். மத்திய ஜாவாவில் கூடுஸ் என்ற ஊரில் மாடு அறுக்காத வழக்கம் நூற்றாண்டுகளாக இருக்கிறது, அங்கே இந்துக்களின் மனம் நோகக்கூடாது என்று ஸுனான் கூடுஸ் என்ற இஸ்லாமியப் பெரியவர் சொன்னதாகச் சொல்வார்கள், இன்றைக்கும் அந்த ஊர் ஸோத்தோ சூப்பில் மாட்டுக்குப் பதில் எருமை இறைச்சிதான். பன்றிக்கு "பாபி", இரண்டுமே பஸ்ஸின் ப, பாலியில் விளம்பரப் பலகைகளில் நிறையப் பார்ப்பீர்கள்.

காரம் "பெடாஸ்". "ஜாங்ஙான் பெடாஸ்" என்றால் காரம் வேண்டாம். நம் நாக்குக்குக் காரம் பழக்கம்தானே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், பச்சை மிளகாய்ச் சம்பாலின் காரம் குழம்பின் காரம் போல இருக்காது, நேராக அடிக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் "ஆயிர் பூத்திஹ்", வெள்ளைத் தண்ணீர் என்று சொல்லுக்குச் சொல் பொருள், சாதாரணக் குடிநீர்தான். எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் ஆக்குவா என்ற ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். ஜாவாவில் தேநீர் கேட்டால் இனிப்பாகத்தான் வரும், சர்க்கரை வேண்டாதவர்கள் "தேஹ் தாவார்" என்று கேட்கணும், காபிக்கு "தான்ப்பா கூலா". ஐஸ் வேண்டாமென்றால் "தீடாக் பாக்காய் ஏஸ்". பார்சல் என்பதற்கு "பூங்க்குஸ்". நன்றாக இருக்கிறது என்பதற்கு "ஏனாக்", இதைச் சமைத்தவர் காதில் விழும்படி சொல்லுங்கள். இளநீருக்கு "கெலாப்பா மூடா". எழுத்து இடம் மாறி "கெப்பாலா" ஆகிவிட்டால் தலை என்று பொருள் வந்துவிடும். பாடாங் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் எதுவும் கேட்காமலே பத்துப் பதினைந்து கிண்ணங்களை மேஜையில் அடுக்கிவிட்டுப் போவார்கள், பதற வேண்டாம், எதைத் தொட்டீர்களோ அதற்கு மட்டும்தான் காசு.

போக்குவரத்தில் கேட்க வேண்டியது குறைவு, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியது அதிகம். "டி மானா?" எங்கே. பதிலில் வரப்போவது "கீரி" இடது, "கானான்" வலது, "லூருஸ்" நேராக, "தெருஸ்" அப்படியே தொடர்ந்து. யோக்யகார்த்தாவில் இடது வலது எல்லாம் பலர் சொல்ல மாட்டார்கள், திசைதான்: "ஊத்தாரா" வடக்கு, "ஸெலாத்தான்" தெற்கு, "தீமூர்" கிழக்கு, "பாராத்" மேற்கு. மெராப்பி எரிமலை இருக்கும் பக்கம் வடக்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் அந்த ஊரில் வழி தவறாது. ஆங்க்கோத் எனப்படும் சின்ன வேனில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் "கீரி, பாங்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அண்ணே இடதுபக்கம் நிறுத்துங்க, மணியோ பட்டனோ கிடையாது. டாக்ஸியில் "பாக்காய் ஆர்கோ?" என்றால் மீட்டர் போடுவீங்களா. கோஜெக், கிராப் மாதிரியான செயலிகளில் வண்டி கூப்பிட்டால் உடனே ஒரு செய்தி வரும்: "ஸெஸுவாய் தீத்திக், யா?" வரைபடத்தில் குறித்த இடத்திலேயே நிற்கிறீர்களா என்று கேட்கிறார், "யா, பாக்" என்று அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்திகளில் உயிரெழுத்துகளை எல்லாம் விழுங்கி எழுதுவார்கள், மொழிபெயர்ப்புச் செயலி அதில் அடிக்கடி தோற்றுவிடும், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஸூடாஹ், பெலும் என்று அடையாளம் தெரியும். ரயில் நிலையப் பலகையில் "பெராங்க்காத்" புறப்பாடு, "தீபா" வருகை, "தெர்லாம்பாத்" தாமதம்.

எழுத்துகளை டச்சு வழியில் சொல்வார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி. ஏசி அறை வேண்டுமென்றால் "ஆஸே", ஏடிஎம் "ஆத்தேஎம்", கழிவறைக்கு "வேஸே", செல்போனுக்கு "ஹாப்பே". கழிவறை என்றதும் ஞாபகம் வருகிறது, கதவில் இரண்டு சொற்கள் இருக்கும், "வானித்தா", "ப்ரியா". வானித்தா என்பது நம் வனிதைதான், பெண்களுக்கு. ப்ரியா என்று எழுதியிருப்பது ஆண்களுக்கு! தமிழ்ப் பெண்கள் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். மற்ற பலகைகள்: "மாஸுக்" உள்ளே, "கெலுவார்" வெளியே, "டோரோங்" தள்ளு, "தாரிக்" இழு, "டிலாராங்" என்று ஆரம்பித்தால் எதையோ செய்யக்கூடாது. ஹோட்டலில் "கோலாம் ரெனாங்" என்றால் நீச்சல் குளம், அந்தக் கோலாம் நம் குளத்தில் இருந்து போனது. கப்பலும் அங்கே "காப்பால்"தான், கடையும் "கெடாய்"தான்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு மலாய் தெரியும், முக்கால்வாசி அப்படியே செல்லும், மீதிக் கால்வாசியில் கவனம் தேவை. முடியும் என்பதற்கு நீங்கள் போலேஹ் சொல்வீர்கள், இந்தோனேசியாவில் அது அனுமதிக்கு மட்டும், முடியும் என்றால் "பிஸா". இலவசம் என்ற பொருளில் "பெர்சூமா" என்று சொல்லாதீர்கள், அங்கே அதற்கு வீண், பிரயோஜனமில்லை என்று அர்த்தம், இலவசத்துக்கு "க்ராத்திஸ்". பூஸிங் என்றால் உங்களுக்குச் சுற்றுவது, அவர்களுக்குத் தலைசுற்றல். பூடாக் உங்களுக்குச் சிறுவன், அவர்களுக்கு அடிமை, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கெரெத்தா உங்களுக்குக் கார், அவர்களுக்கு ரயில், அதிலும் மேடானுக்குப் போனால் மோட்டார் சைக்கிள். மேடானில் சந்தைக்குப் "பாஜாக்" என்பார்கள், நாட்டின் மற்ற இடங்களில் அது வரி. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கம்ப்போங் மட்ராஸ் அந்த ஊரில்தான் இருக்கிறது, மாரியம்மன் கோயிலும் அங்கே உண்டு.

கடைசியாக, தேவைப்படக்கூடாது ஆனால் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள். உதவி என்று கத்த "தோலோங்!" "ஸாக்கித்" என்றால் வலி, நோய் இரண்டும், பின்னால் உறுப்பைச் சேர்த்தால் போதும்: வயிறு "பெருத்", தலை "கெப்பாலா". காய்ச்சல் "டெமாம்". மருந்துக்கடை "ஆப்போத்தேக்", ஆஸ்பத்திரி "ரூமாஹ் ஸாக்கித்", அரசு ஆரம்ப சுகாதார நிலையம் "புஸ்கெஸ்மாஸ்", சின்ன ஊர்களில் அதுதான் பக்கத்தில் இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் "ஸாயா ஆலெர்கி காச்சாங்" என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்ச் சமையலில் கடலை எங்கும் இருக்கிறது. தொலைந்துபோச்சு என்பதற்கு "ஹீலாங்", "பாஸ்ப்போர் ஸாயா ஹீலாங்" என்றால் என் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. நிலநடுக்கம் "கெம்ப்பா". கடலோர ஊர்களில் "ஜாலூர் ஏவாக்குவாஸி" என்ற பலகையைப் பார்ப்பீர்கள், சுனாமி வந்தால் ஓட வேண்டிய பாதை, "தீத்திக் கும்ப்புல்" என்றால் கூடி நிற்க வேண்டிய இடம். அறைக்குப் போனதும் இந்த இரண்டும் எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119, தீயணைப்பு 113, பல நகரங்களில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. கூப்பிட்டால் முதல் கேள்வி "டி மானா?" என்றுதான் வரும், அதனால் தங்கியிருக்கும் தெருவின் பெயரையும் அறையின் முகவரியையும் ஹாப்பேயில் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.